தூண்டிலுக்கு ஒரு பை வேண்டும்

நவராத்திரிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. தி.நகரில் பெட்டிகளும் பைகளும் விற்கிற ஒரு பெரிய கடை. அதன் நட்ட நடுவில் என் கணவர் ஒரு கல்யாணப் பெண்ணின் மேக்கப் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

மெரூன் கலர். மூடியைத் திறந்தால் முகம் பார்க்கும் கண்ணாடி. உள்ளே தூக்கி எடுக்கிற மாதிரி ஒரு தட்டு. அதில் பொட்டுக்கு, மைக்கு, லிப்ஸ்டிக்குக்கு என்று குட்டிக் குட்டியாக அறைகள். ஓரத்தில் சின்னப் பூட்டு வேறு.

"பாத்தியா விஜி... ஒவ்வொரு கொக்கிக்கும் ஒரு ரூம்!" என்றார். கண்ணில் தண்ணீர் வராத குறை.

கடைக்காரப் பையன்... பையன் என்ன, நாற்பது வயது இருக்கும், திருநெல்வேலிப் பக்கம்... பவ்யமாகக் கேட்டார். "பொண்ணுக்குக் கல்யாணமா சார்?"

"இல்லை. மீன் பிடிக்க."

அவர் என்னைப் பார்த்தார். என் மூக்குத்தியைப் பார்த்தார். கையிலிருந்த கோயில் பிரசாதப் பொட்டலத்தைப் பார்த்தார். "என்ன சார் சொல்லுதீய?" என்றார், மெதுவாக.

பொறுங்கள், பொறுங்கள். நீங்கள் பாட்டுக்கு 'மயிலாப்பூர்க்காரி மீன் குழம்புக்கு மாறிவிட்டாள்' என்று ஆசிரியருக்குக் கடிதம் எழுதி விடாதீர்கள். முதலிலிருந்து சொல்கிறேன்.

என் கணவர் ரகு அரசாங்க அலுவலகம் ஒன்றில் ஆடிட் பிரிவில் இருக்கிறார். நாள் முழுக்க அடுத்தவர்கள் செய்த தப்பைப் பிடிக்கிற வேலை. இதைச் செய்து செய்து ரத்தக் கொதிப்பு வந்துவிட்டது. "மனசுக்குப் பிடிச்ச மாதிரி எதையாவது பண்ணுங்க சார்" என்றார் டாக்டர். அந்தச் சமயம் பார்த்து சிங்கப்பூரிலிருந்து வந்த இவருடைய சித்தப்பா பிள்ளை, ஒரு மடக்குத் தூண்டிலையும் இரண்டு ரீலையும் எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போய்விட்டான்.

ரீல் என்றால் சினிமா ரீல் இல்லை. தூண்டில் கழியின் அடியில் மாட்டுகிற சக்கரம். கைப்பிடியைச் சுற்றினால் நைலான் நரம்பு க்ர்ர்ர்... என்று உள்ளே வந்து சுருண்டுகொள்ளும். அந்த க்ர்ர்ர் சத்தத்தில்தான் என் கணவர் விழுந்தார். ஹாலில் உட்கார்ந்து சும்மாவே சுற்றிக்கொண்டிருப்பார். முகத்தில் அப்படி ஒரு சாந்தம். ரத்தக் கொதிப்பு மாத்திரையைப் பாதியாகக் குறைத்துவிட்டார் டாக்டர். நான் என்ன சொல்ல முடியும்?

ஆனால் ஒரு ஒப்பந்தம் போட்டேன். என் மூக்கைப் பற்றி இந்தப் பக்கத்தின் பழைய வாசகர்களுக்குத் தெரியும். தெரு முனையில் திரும்பும்போதே எந்த வீட்டில் கடுகு தீய்ந்தது என்று சொல்லிவிடுவேன். ஆகவே, "நம்மாத்து வாசப்படியைத் தாண்டி ஒரு துளி மீன் வாசனை வரப்படாது. வந்துதுன்னா அன்னிக்கே தூண்டிலைத் தலையைச் சுத்திக் கடல்ல போட்டுடணும். சம்மதமா?"

"சம்மதம். பிடிச்சாலும் தண்ணியிலேயே விட்டுடுவேன். நான் என்ன திங்கவா போறேன்?" என்றார்.

பிடித்தால்தானே விடுவதற்கு!

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அடையாறு முகத்துவாரத்தில், உடைந்த பாலத்தில் போய் நிற்பார். வெயில் ஏறியதும் வெறுங்கையோடு சிரித்துக்கொண்டு திரும்பி வருவார். இப்படியே இரண்டு வருஷம். ஒரு மீன்? ஒரு குஞ்சு? ஊஹூம்.

ஏன் மாட்டவில்லை என்கிறீர்களா? எல்லோரும் கொக்கியில் புழுவும் இறாலும் மாட்டுவார்கள். இவருக்கு அதைத் தொட மனசு வராது. கோதுமை மாவைப் பிசைந்து, மணக்கட்டும் என்று பெருங்காயம் கலந்து, கோலிக்குண்டு மாதிரி உருட்டி எடுத்துப் போவார். பக்கத்தில் தூண்டில் போடுகிற ஒருவர் ஒருநாள் தாங்க முடியாமல் கேட்டுவிட்டாராம். "இன்னா சார், மீனுக்கும் ஏகாதசியா?"

ஆகவே மீன் வாசனை பிரச்னை எழவே இல்லை. எங்கள் வீட்டுத் தூண்டிலில் ரசம் வாசனைதான் அடித்தது.

இந்த நிலையில்தான் ஜெரோம் சார் வந்தார். இவருடன் வேலை பார்க்கிறவர், தூத்துக்குடிக்காரர், தூண்டிலில் புலி. "நவராத்திரி நடுவுல வர்ற ஞாயித்துக்கிழம பழவேற்காடு போறோம் சார். என் மச்சான் கார்ல போயிட்டு சாயங்காலம் திரும்பிருவோம். மேடத்தையும் கூட்டிட்டு வாங்க" என்றார்.

அன்றிலிருந்து இவர் வாய் ஓயாமல் சொன்ன ஒரே வார்த்தை... பை.

அதுவரைக்கும் ரீல்கள் மஞ்சள் பையில் போய்க்கொண்டிருந்தன. கல்யாண வீட்டில் தேங்காய் போட்டுக் கொடுப்பார்களே, அந்தப் பை. அது கிழிந்ததும் என் வயர் கூடையைக் கேட்டார், கொடுத்தேன். பஸ் நெரிசலில் யாரோ இடித்து ஒரு ரீலின் கைப்பிடி வளைந்தது. இன்னொன்றில் மணல் போய் க்ர்ர்ர் என்பது கொரகொர என்றாகிவிட்டது. அதைக் கழற்றி, துடைத்து, எண்ணெய் போட்டுச் சரி செய்கிற வரை மனிதர் சரியாகச் சாப்பிடவில்லை.

"இடிபடக் கூடாது. மணல் போகக் கூடாது. கழி மடக்கி உள்ளே படுக்கணும். கொக்கிக்குத் தனியா அறை வேணும். தோள்ல மாட்டிக்கணும். வாசனை வெளியில வரப்படாது." இதுதான் அவர் கேட்ட பை. மாப்பிள்ளை தேடினபோது எங்கப்பாகூட இத்தனை கண்டிஷன் போடவில்லை.

அப்படித்தான் தி.நகர் போய்ச் சேர்ந்தோம்.

கடைக்காரர் அசரவில்லை. மீனா, சரி மீன் என்று முடிவு செய்துவிட்டார். தடித்த சூட்கேஸைக் காட்டி, "யானை மிதிச்சாலும் ஒண்ணும் ஆவாது சார்" என்றார். பழவேற்காட்டில் யானைத் தொல்லை இல்லை என்றேன் நான். ஏர்பேக்கைக் காட்டினார். உள்ளே ஒரே கிணறு. கழியும் ரீலும் கட்டிப் புரளும். கிரிக்கெட் பையைக் காட்டினார். அதில் தூண்டிலோடு என் கணவரும் உள்ளே படுத்துக்கொள்ளலாம். பள்ளிக்கூடப் பை, டிபன் பை, வக்கீல்கள் வைத்திருக்கிற பெட்டி... மனிதர் ஏணி மேல் ஏறினவர் இறங்கவே இல்லை.

இவர் வேஷ்டியில் சுற்றிக் கொண்டுவந்திருந்த ரீலை வெளியே எடுத்து, ஒவ்வொரு பைக்குள்ளும் வைத்து வைத்துப் பார்த்தார். ஜாக்கெட் துணிக்கு மேட்சிங் பார்க்கிற மாதிரி. ஆசையில் ஒரு தடவை க்ர்ர்ர் என்று சுற்றிவிட்டார். கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள்.

கடைசியில்தான் அந்த மெரூன் பெட்டி. பார்த்த மாத்திரத்தில் காதல்.

"ஏன்னா, இதைத் தூக்கிண்டு அந்தப் பாலத்துல போய் நின்னா, மாப்பிள்ளை ஆத்துக்காரா எங்கேன்னு கேப்பா" என்றேன்.

"கண்ணாடியைப் பிச்சு எடுத்துடலாம்" என்றார்.

"மெரூனை?"

பெட்டியைத் திரும்ப வைத்தபோது அவர் முகம் இருக்கிறதே... எனக்கே பாவமாகிவிட்டது. அந்தக் கடைக்காரர்கூட, "நீங்க ஆசப்பட்டீயன்னா வாங்கிருங்க சார், எவன் என்ன சொன்னா என்ன" என்றார்.

பை வாங்கப் போனவர்கள் ஒரு பால் குக்கரும், நான்கு தலையணை உறையும் வாங்கிக்கொண்டு திரும்பினோம். தி.நகர் அப்படித்தான். எதற்காகப் போனோமோ அது மட்டும் அகப்படாது.

அகப்பட்டது எங்கே தெரியுமா? எங்கள் வீட்டுப் பரணில்!

பழைய தலையணைகளை இறக்கலாம் என்று ஸ்டூல் மேல் ஏறினேன். மூலையில் எங்கள் பிள்ளை சுந்தரின் மிருதங்கம். இப்போது வெளியூரில் ஹாஸ்டலில் இருக்கிறான். பள்ளிக்கூடம் படிக்கையில் கொஞ்ச நாள் மிருதங்கம் கற்றுக்கொண்டான். வாத்தியாரே ஒருநாள் கையெடுத்துக் கும்பிட்டு, "குழந்தை நன்னா படிக்கட்டும்" என்று சொல்லி நிறுத்திவிட்டார். அதற்கு வாங்கின பை மட்டும் மெருகு குலையாமல் இருந்தது.

பிரவுன் கலர் ரெக்ஸின். உள்ளே சுற்றிலும் தடிமனாக ஸ்பாஞ்சு. நீளவாட்டில் ஒரே ஜிப். தோளில் மாட்டப் பட்டை. சுருதி சேர்க்கிற கல்லையும் கட்டையையும் வைக்கப் பக்கத்தில் ஒரு அறை.

"ஏன்னா... இங்க கொஞ்சம் வாங்கோ."

வந்தார். பார்த்தார். மிருதங்கத்தைப் பதமாக வெளியே எடுத்து ஒரு பழைய பெட்ஷீட்டில் சுற்றிப் பரணில் வைத்தார். பிறகு இந்தக் கோடியில் ஒரு ரீல், அந்தக் கோடியில் ஒரு ரீல், நடுவில் மடக்கின கழி. பையின் பக்கவாட்டு அறையில் கொக்கி டப்பா. ஜிப்பை இழுத்தார். அளவெடுத்துத் தைத்தாற்போல் மூடிக்கொண்டது. அந்த நாற்பத்தெட்டு வயது ஆடிட்டர் ஹாலில் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு இரண்டு தடவை நடந்து காட்டினார் பாருங்கள், தீபாவளிச் சட்டை போட்டுக்கொண்ட குழந்தை தோற்றது.

பெட்டியையும் பையையும் பார்த்து மனிதனை எடை போடுகிற ஊர் நம் ஊர். தோளில் ஜோல்னாப் பையா, கவிஞர். கையில் மஞ்சள் பையா, கல்யாணத்திலிருந்து வருகிறார். மயிலாப்பூரில் மிருதங்கப் பையோடு நடந்தால்? அதை நாங்கள் யோசிக்கவில்லை.

மறுநாளே அதை ஜெரோமுக்குக் காட்ட ஆபீசுக்கு எடுத்துப் போனார். தெற்கு மாட வீதியில் ஆட்டோக்காரர் இறங்கி வந்து பையை வாங்கிப் பின் சீட்டில் வைத்தாராம். "மத்தளமா சார்? கோயில்ல வாசிக்கிறியா? குந்து சார், மெதுவா போறேன்" என்று பள்ளத்தில் எல்லாம் ஊர்ந்து போனாராம். வாழ்நாளில் இவருக்குக் கிடைக்காத மரியாதை.

சாயங்காலம் திரும்பி வருகையில் மாடிப்படியில் வைத்தி மாமா. எங்கள் பிளாட்டில் கீழ்வீட்டுக்காரர், ரிட்டயரானவர், சங்கீதப் பைத்தியம். தெருவில் யார் பாடினாலும் தாளம் போடுவார். பையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"ரகு! சொல்லவே இல்லையே! நீங்க வாசிப்பேளா?"

உள்ளே இருப்பது தூண்டில் என்று எப்படிச் சொல்வது? அவர் வீட்டில் வெங்காயமே பின்வாசல் வழியாகத்தான் வரும். இவர் திணறி, தலையைச் சொறிந்து, "ஏதோ... கொஞ்சம்..." என்று சொல்லி வைத்தார்.

அங்கேதான் வந்தது வினை. மயிலாப்பூரில் 'நன்றாக வாசிப்பேன்' என்றால் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். 'சுமாராக வாசிப்பேன்' என்றால் அரங்கேற்றம் ஆகிவிட்டது என்று அர்த்தம். 'ஏதோ கொஞ்சம்' என்றால்... சாட்சாத் வித்வானேதான்!

வைத்தி மாமா இவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ஞாயிறு விடிவதற்குள் கிளம்பினோம். எங்கள் வீட்டில் கொலு வைக்கும் வழக்கம் இல்லை. நவராத்திரியில் எனக்குள்ள ஒரே பொறுப்பு சுண்டல் வாங்குவது. அதனால் நானும் கிளம்பினேன். இரண்டு வருஷமாக இந்த மனிதர் தண்ணீரில் என்னதான் பார்க்கிறார் என்று தெரிந்துகொள்கிற ஆசையும் இருந்தது. பை என் மடியில். ஒப்பந்தம் என் மனசில்.

பழவேற்காடு ஏரியை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே ஆரம்பிக்கிறது என்றே தெரியாது. கரையோரமாகக் கழியை நீட்டிக்கொண்டு இவர் நின்றார். பக்கத்தில் ஜெரோம் சார் இறாலை மாட்டி மாட்டி, இழுத்து இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். இவர் கோதுமை உருண்டை தண்ணீரில் கரைந்தது. மறுபடி ஒன்று. அதுவும் கரைந்தது. வெயில் ஏறியது.

"போதும்னா, வாங்கோ" என்று டிபன் டப்பாவைத் திறந்தேன். இட்லி. கொஞ்சம் மிளகாய்ப்பொடி தடவினது, கொஞ்சம் வெள்ளையாகவே வைத்திருந்தது. ஒரு துண்டு தவறித் தண்ணீரில் விழுந்தது. விழுந்த இடத்தில் சளக் என்று ஒரு சத்தம். துண்டைக் காணோம்!

நானும் இவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"ஏன்னா... இட்லியைப் போட்டுப் பாருங்கோளேன்."

"இட்லியையா?"

"மேடம் சொல்லுதாங்கள்லா, போடுங்க சார்!" என்று அந்தப் பக்கமிருந்து ஜெரோம் சார் கத்தினார்.

போட்டார். மிதவை ஆடியது. நின்றது. மறுபடி ஆடியது. பிறகு படக்கென்று உள்ளே போய்விட்டது! இவருக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. மாட்டினதே இல்லையே, தெரிந்தால்தானே? "சுத்துங்க சார், சுத்துங்க!" என்று ஜெரோம் சார் குதிக்கிறார். நானும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, "விட்டுடாதீங்கோ! விட்டுடாதீங்கோ!" என்று கத்துகிறேன். ஹாலில் வெறுமனே சுற்றின அந்த க்ர்ர்ர் இருக்கிறதே, இப்போது மறுமுனையில் ஓர் உயிரோடு கேட்டது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

வந்தது. வெள்ளி மாதிரி பளபளவென்று, ஒரு சாண் மீன்.

"மடவை சார்! அருமையான மடவை!" என்றார் ஜெரோம்.

என் கணவர் கத்தினார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் குரல் அப்படி எழும்பி நான் கேட்டதில்லை. எதிரே போய்க்கொண்டிருந்த படகிலிருந்து ஆட்கள் கை ஆட்டினார்கள். பிறகு தோளில் கிடந்த துண்டை நனைத்து, மீனை அதில் பொத்திப் பிடித்து, கொக்கியை மெள்ளக் கழற்றினார். கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். குனிந்து தண்ணீரில் விட்டார். "போயிட்டு வா" என்றார். பெண்ணைப் புக்ககம் அனுப்புகிற மாதிரி.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மீனுக்காக இல்லை.

திரும்பும்போது பை மறுபடி என் மடியில். பாதி வழி வந்திருப்போம். என் மூக்கு விழித்துக்கொண்டது. ரீல் துடைத்தாயிற்று. கழி அலம்பியாயிற்று. ஜெரோம் சார் பிடித்த மீனெல்லாம் டிக்கியில், ஐஸ் பெட்டிக்குள். பிறகு என்ன? ஜிப்பைக் கொஞ்சம் திறந்து பார்த்தேன். அந்தத் துண்டு! அலம்பாமல், மடித்து, பத்திரமாக உள்ளே வைத்திருக்கிறார். முன் சீட்டில் தூங்கி விழுந்துகொண்டிருந்த அவர் முகத்தைப் பார்த்தேன். தூக்கத்திலும் சிரிப்பு. ஜிப்பை இழுத்து மூடினேன்.

வீட்டு வாசலில் இறங்கினோம். விளக்கு வைத்த நேரம். சத்தம் போடாமல் மாடிக்கு ஏறிவிடலாம் என்று பார்த்தால், வைத்தி மாமா வாசலிலேயே காத்திருக்கிறார்!

"வாங்கோ, வாங்கோ! பகவானே அனுப்பி வெச்சிருக்கார்! வாசிக்கிறவருக்கு ஜுரமாம், வரலை. நம்மாத்துக் கொலுவுல பாட்டு ஆரம்பிச்சாச்சு. நீங்க மிருதங்கத்தோடேயே வந்துட்டேள்!"

நாங்கள் வாயைத் திறப்பதற்குள் பையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். எங்கே வைத்தார் தெரியுமா? கொலுவுக்கு முன்னால், ஜமக்காளத்தின் நடுவில்!

ஹால் நிறைய மாமிகள். மல்லிகைப்பூ, சந்தனம், கொண்டைக்கடலைச் சுண்டல்... இத்தனைக்கும் நடுவில் அது மெல்லக் கிளம்பியது. எனக்கு முதலில் தெரிந்தது. பிறகு முன் வரிசையில் ஒரு மாமிக்குத் தெரிந்தது.

"என்னடி இது... என்னமோ ஒரு வாசனை?"

ஒவ்வொரு மூக்காக நிமிர்ந்தது. பாட்டு நின்றது. "ஆமா, என்னமோ வரதே..." வைத்தி மாமா மட்டும் ஒன்றையும் கவனிக்காமல், "நானே எடுத்துக் குடுக்கறேன் ரகு" என்று ஜிப்பில் கை வைத்தார்.

என் கணவர் முகம் வெளிறிவிட்டது. அவர் ஆடிட்டர். பொய் வராது. "மாமா, அது வந்து..." என்று ஆரம்பித்தார். சொல்லிவிடப் போகிறார்! நாளைக்குத் தெரு முழுக்கத் தெரியும். அப்புறம் அந்தத் தூண்டிலை ஜென்மத்துக்கும் தொட மாட்டார். ஒப்பந்தம் எல்லாம் வேண்டாம், வெட்கமே போதும்.

"தோல் மாமா!" என்றேன்.

யார் சொன்னது என்று எனக்கே ஒரு நிமிஷம் புரியவில்லை.

"தோலா?"

"மிருதங்கத்துக்குப் புதுசா தோல் மாத்தியிருக்கு. பச்சைத் தோல். இன்னும் ஈரம் காயலை. இப்போ திறந்து காத்துப் பட்டா வலந்தலை கிழிஞ்சுடும். கையெடுங்கோ, கையெடுங்கோ!"

சுந்தரின் மிருதங்க வகுப்பு வாசலில் நான் காத்திருந்தது வீண் போகவில்லை. வலந்தலை என்றால் மிருதங்கத்தின் வலது முகம். அந்த வார்த்தையைக் கேட்டதும் மாமா சட்டென்று கையை எடுத்தார். சபையைப் பார்த்து, "பச்சைத் தோல்னா வாசனை இப்படித்தான் இருக்கும்" என்று அதிகாரமாகச் சொன்னார்.

அவ்வளவுதான். சுளித்த மூக்கெல்லாம் நேராகிவிட்டது. தோல்தானே! முதலில் கேட்ட மாமி பையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

நான் கொலுவைப் பார்த்தேன். மேல் படியில் தசாவதாரம். முதல் பொம்மையே மச்சாவதாரம். இடுப்புக்கு மேலே பெருமாள், கீழே மீன். அதன் நேர் கீழே எங்கள் பை. மாட்டுத் தோலையும் ஆட்டுத் தோலையும் மடியில் வைத்து வாசித்தால் சங்கீதம். ஆயிரம் பூச்சியை வேகவைத்து நெய்த பட்டுப் புடவையைச் சுற்றிக்கொண்டால் மங்களம். தண்ணீருக்கே திரும்பிப் போய்விட்ட ஒரு மீனின் வாசனை மட்டும் ஆகாது! நான் சட்டம் போட்டவள்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு அந்தப் பெருமாள் என்னைப் பார்த்துச் சிரித்த மாதிரியே இருந்தது.

இவரைத் தாளம் போட உட்கார வைத்தார்கள். முடிந்ததும் வைத்தி மாமா எழுந்து நின்று, "அடுத்த நவராத்திரிக்கு நம்மாத்துல ரகுதான் மிருதங்கம்!" என்று அறிவித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், வேறு வழி?

மாடிக்கு வந்தோம். நான் கதவைத் திறந்து உள்ளே போனேன். இவர் வரவில்லை. வாசப்படிக்கு வெளியே பையோடு நின்றுகொண்டிருந்தார்.

"விஜி... வாசனை வந்துடுத்து. அந்தத் துண்டை அலம்ப மனசு வரலை. தப்புதான். ஆனா பேச்சுன்னா பேச்சு" என்றார். பையை நீட்டினார்.

அருகில் போனேன். நன்றாக மூச்சை இழுத்தேன். தெரு முனையில் கடுகு தீய்ந்ததைச் சொல்கிற மூக்கு.

"என்ன வாசனை? எனக்கு ஒண்ணும் வரலையே" என்றேன். "ஏரிக் காத்து. ஜலதோஷம் பிடிச்சுடுத்து போல இருக்கு. உள்ள வாங்கோ."

அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுதினால் இந்தப் பத்திரிகையில் போட மாட்டார்கள்.

இப்போது அவர் நிஜமாகவே மிருதங்க வகுப்புக்குப் போகிறார். அடுத்த நவராத்திரி வந்துவிடுமே! வாரத்தில் இரண்டு சாயங்காலம், சுந்தரின் மிருதங்கத்தைப் பெட்ஷீட்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு. பை? அது ரீலுக்காம். கொடுக்க மாட்டாராம்.

மறுநாள் காலையில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். கீழ்வீட்டு மங்களம் மாமி, வைத்தி மாமாவின் மனைவி, மிச்சச் சுண்டலைக் கொண்டுவந்தாள். கிண்ணத்தைக் கொடுத்துவிட்டு நகராமல் நின்றாள். பின்பக்க பால்கனிக் கொடியில் தொங்கின துண்டைப் பார்த்தாள்.

"எலுமிச்சம்பழத் தோலால தேய்ச்சு வெயில்ல போடு. போயிடும்" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எது மாமி?"

"இதோ பாரு, மாமாக்கு வேலை அப்போ கல்கத்தாவுல. என் பாதி ஆயுசு அங்கதான். மேலாத்துல, கீழாத்துல, எதிராத்துல எல்லாம் அதுதான். எனக்கா தெரியாது?"

"மாமாக்கு...?"

"அவருக்கு ஏதுடி மூக்கு? பொடி போட்டுப் போட்டு அது எப்பவோ போயாச்சு." பிறகு படிப்பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள். "என்ன மீனுடி?"

"மடவையாம் மாமி. நம்மாத்து இட்லிக்குத்தான் மாட்டித்து."

மாமியின் கண் விரிந்தது. "பெருசா?"

நான் இரண்டு கையையும் எவ்வளவு அகட்ட முடியுமோ அவ்வளவு அகட்டிக் காட்டினேன்.